முகம் பார்த்து வயது சொல்லும் கேமரா

ரோப்லாக்ஸ் விளையாட்டில் சக ஆட்டக்காரருடன் சாட் செய்ய வேண்டுமானால், இப்போது கேமராவுக்கு முகம் காட்டியாக வேண்டும். 2025 இறுதியில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நெதர்லாந்தில் தொடங்கிய இந்தச் சோதனை, 2026 ஜனவரியில் மற்ற நாடுகளுக்கும் வந்தது. சிறுவர்போல் நடித்துச் சிறுவர்களை வளைக்கும் பெரியவர்களைத் தடுப்பதே நோக்கம்.

கேமராவுக்கு வயது எப்படித் தெரியும்? வயது தெரிந்த ஏராளமான முகப் படங்களைக் கொடுத்து மென்பொருளைப் பழக்குகிறார்கள். அந்தப் பழக்கத்தில் புதிய முகத்துக்கு அது ஒரு வயதைக் கணிக்கிறது. யார் என்று கண்டுபிடிப்பதில்லை. எத்தனை வயதிருக்கும் என்று மட்டும் சொல்கிறது. கணிப்பு என்பதால் பிழையும் உண்டு. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆய்வில், விசா படங்களில் மிகத் துல்லியமான மென்பொருளுக்கே சராசரிப் பிழை 3.1 ஆண்டு. பெண்களின் முகங்களில் பிழை பெரும்பாலும் கூடுதல். நாற்பது வயதுக்காரருக்கு மூன்று ஆண்டு பெரிய விஷயமில்லை. 13 வயதுக் குழந்தையை 16 என்று கணித்தால், அது வேறு வயதினரின் சாட் கூட்டத்தில் போய்ச் சேரும். ஏமாற்றவும் முடியும். பிரிட்டனில் 2025 ஜூலையில் சிலர், ‘டெத் ஸ்ட்ராண்டிங்’ என்ற விளையாட்டின் கதாநாயகன் முகத்தைக் காட்டியே டிஸ்கார்ட் என்ற சாட் தளத்தின் வயதுச் சோதனையைத் தாண்டிவிட்டார்கள்.

கணிப்பு தவறினால் அடையாள அட்டை கேட்பார்கள். அதிலும் ஆபத்து இருக்கிறது. டிஸ்கார்டுக்குச் சேவை செய்த வெளி நிறுவனம் ஒன்றில் தரவுத் திருட்டு நடந்தது. வயது குறித்து முறையிட்டவர்கள் அனுப்பியவை உட்பட, சுமார் 70,000 பேரின் அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என 2025 அக்டோபரில் தெரியவந்தது. பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தையும் பிறந்த தேதியையும் என்ன செய்வது?

இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவைப்படும். 2025 நவம்பரில் வெளியான விதிகள், டிஜிலாக்கர் போன்ற சேவை தரும் டோக்கன் மூலம் பெற்றோரின் வயதைச் சரிபார்க்கவும் இடம் தருகின்றன. விளையாட்டு நிறுவனத்துக்கு ‘ஆம், வயது வந்தவர்’ என்ற பதில் மட்டும் போதும். அட்டையின் நகல் எதற்கு?

முகமே கேட்காத பாதுகாப்பும் உண்டு. ஃபோர்ட்நைட் விளையாட்டில் சிறுவர்களுக்கும் சாட் தொடக்கத்திலேயே திறந்திருந்தது என்பது, அதை உருவாக்கிய எபிக் நிறுவனத்தின்மீது அமெரிக்க அரசு சுமத்திய குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2022 டிசம்பரில் அந்நிறுவனம் 27.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. அந்நியரோடு பேசும் வசதியை மூடியே கொடுப்பது நிறுவனத்தின் கடமை. நிறுவனம் அதைச் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளையின் செல்போனை வாங்கி, சாட் செட்டிங்கை இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.