முந்த்ரா முதல் தச்சநல்லூர் வரை

மதுரைச் சாலை வழியாகத் திருநெல்வேலிக்கு வருபவர்களுக்குத் தச்சநல்லூர்தான் வாசல். மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்று. 2015 பிப்ரவரி 20-ஆம் தேதி வேளாண் பொறியியல் துறை அதிகாரி முத்துக்குமாரசாமி இங்குள்ள ரயில் பாதையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகு இந்த ஊரின் பெயர் தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது. தற்காலிக ஓட்டுநர் நியமனத்தில் அவருக்கு மேலிடத்திலிருந்து நெருக்கடி வந்தது என்பது புகார். நேர்மையான மனிதர் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அந்த விவகாரத்தில் வேளாண் அமைச்சர் அக்ரி எஸ்.எஸ். கிருஷ்ணமூர்த்தி பதவி இழந்தார். அவரது வீழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம், இதே தாமிரபரணிக் கரை மக்களோடு பிற்பாடு தொடர்புகொண்ட இன்னொரு அமைச்சரின் கதை எனக்கு நினைவுக்கு வருகிறது. அவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அரசியல் சாசன வரைவுக் குழு உறுப்பினர், தொழில் துறை அமைச்சர், 1956 முதல் நேருவின் நிதியமைச்சர். செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தவர். கூர்மையான மூளை, அதைவிடக் கூர்மையான நாக்கு.

1957 ஜூனில், அரசு நிறுவனமாகத் தொடங்கி ஓராண்டுகூட முழுதாக ஓடாத ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற வியாபாரியின் ஆறு நிறுவனங்களில் ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. கழகத்தின் முதலீட்டுக் குழுவைக் கலந்துகொள்ளவே இல்லை. பேரத்தில் முன்னின்றவர் நிதித்துறைச் செயலர் எச்.எம். பட்டேல். டிசம்பரில் நாடாளுமன்றத்தில் இதைக் கிளப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஆளுங்கட்சியைச் சேர்ந்த, பிரதமரின் மருமகனான பெரோஸ் காந்தி. நீதிபதி எம்.சி. சாக்ளா பம்பாயில் திறந்த விசாரணை நடத்தினார். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள்.

‘இது எனக்குத் தெரியாமல் நடந்தது’ என்பதுதான் அமைச்சரின் வாதம். சாக்ளா அதை ஏற்கவில்லை. செயலர் செய்த காரியத்துக்கு அமைச்சரே பொறுப்பு, செயலரைக் கைகாட்டிவிட்டு ஒதுங்க முடியாது என்றார். நேருவுக்கு அமைச்சர் மேலிருந்த நம்பிக்கை குறையவில்லை. ஆனாலும் 1958 பிப்ரவரி 18-இல் கிருஷ்ணமாச்சாரி விலகினார். கேள்வி எழுந்து இரண்டே மாதம். அவர் பணம் வாங்கினார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அப்படி நிரூபிக்கும் வரை காத்திருக்கவும் இல்லை.

1962-இல் அவர் திருச்செந்தூர் தொகுதியில் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்று அது நெல்லை மாவட்டம். மறுபடி மத்திய அமைச்சரானார், மறுபடி நிதித்துறையும் கிடைத்தது. 1965-இன் கடைசி நாளில், புதிய புகார்களுக்கு நடுவே, இரண்டாம் முறையும் விலகினார். எனவே அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். வியாபாரிக்காக அரசுப் பணம் வளைந்தது அன்றும்தான். ஆனால் பொறுப்பு எங்கே போய் நிற்கும் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. அது அமைச்சரின் மேசையில் போய் நின்றது.

தச்சநல்லூரில் அது கீழ்நோக்கி வந்தது. உயிர் போன பிறகுதான் கோட்டை அசைந்தது. எதிர்க்கட்சிகள் குரல் கொடுத்தன, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. முதல்வராக ஓ. பன்னீர்செல்வம் இருந்த அந்த நாட்களில் கிருஷ்ணமூர்த்தி கட்சிப் பொறுப்பிலிருந்தும் அமைச்சரவையிலிருந்தும் நீக்கப்பட்டார். ஏப்ரல் 5-இல் கைதானார். துறையின் தலைமைப் பொறியாளரும் கைதானார். பல ஆண்டுகள் நடந்த வழக்கில் நெல்லை நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. கிருஷ்ணமூர்த்தி 2021 தேர்தலில் போளூரில் வென்று மீண்டும் சட்டமன்றம் சென்றார்.

நீதிமன்றத்தின் முடிவை மதிக்கிறேன். தற்கொலைக்குத் தூண்டியதாகச் சட்டப்படி நிரூபிக்க வேண்டிய தரம் வேறு, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். என் வருத்தம் அதைப் பற்றியது அல்ல. சாக்ளா கேட்ட கேள்வியை இன்று கேட்பதற்கு இடமே இல்லாமல் போய்விட்டது என்பதுதான். குற்றமா இல்லையா என்பது முடிந்தவுடன் எல்லாமே முடிந்துவிடுகிறது. ஒரு மாவட்ட அலுவலகத்தில் ஏழெட்டு ஓட்டுநர் வேலைக்கு நெருக்கடி என்ற புகார் எப்படி எழுந்தது, யார் யார் போன் செய்தார்கள், எந்தக் கோப்பில் என்ன எழுதப்பட்டது என்பதை ஒலிபெருக்கி கட்டி ஊருக்குக் கேட்கும்படி எந்த நீதிபதியும் விசாரிக்கவில்லை.

இத்தனைக்கும் வழி தெரியாமல் இல்லை. டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் 2013 அக்டோபர் 31-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அதிகாரிகள் வாய்மொழி உத்தரவை வைத்துக்கொண்டு இயங்கக் கூடாது, அப்படி வந்தால் அதைப் பதிவு செய்ய வேண்டும். தச்சநல்லூர்ச் சம்பவத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் முன்பே வந்த தீர்ப்பு இது. டில்லியிலும் கோட்டையிலும் உள்ள பெரிய அதிகாரிகளுக்கு இது ஓரளவு கவசம். டிராக்டரும் புல்டோசரும் வாடகைக்கு விடும் மாவட்ட அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு, போனில் வந்த உத்தரவைக் கோப்பில் எழுதும் துணிவை யார் தருவது?

தமிழக அரசு அதைத் தர வேண்டும். நியமனம், இடமாற்றம், டெண்டர் ஆகிய மூன்றிலும் வாய்மொழியாக வரும் எந்த அழுத்தத்தையும் பதிவு செய்யும் ஊழியருக்குப் பாதுகாப்பு உண்டு என்று அரசாணை போட்டு, அதை ஒவ்வொரு மாவட்ட அலுவலகச் சுவரிலும் ஒட்ட வேண்டும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் நெல்லைக்காரர்கள் இதைக் கேளுங்கள்.