அத்தையைச் சாய்த்த 32 டிகிரி

“மதுரை வெயிலைப் பார்த்தவளுக்கு உங்க ஊர் வெயில் ஒரு வெயிலா?” என்று கேட்டார் என் அத்தை. தம்பியின் திருமணத்துக்காக வந்து, சுவா சூ காங்கில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். மறுநாள் சிராங்கூன் சாலையில் முகூர்த்தம் முடிந்து, வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பட்டுப்புடவையோடு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அப்போது வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸ். சித்திரை மாதம் 38 டிகிரியில் கடைத்தெருவுக்குப் போய்வருபவர் அவர்!

அறிவியல் ஆசிரியரான நான் முன்கூட்டியே அவரிடம் நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் வெளியூர் விருந்தினர் வருவார்கள். நீங்களாவது சொல்லிவிடுங்கள்.

வியர்த்தால் மட்டும் உடல் குளிராது. வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. சொட்டுச் சொட்டாகக் கீழே விழும் வியர்வையால் அந்தப் பயன் இல்லை. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால், ஆவியாதல் மந்தமாகிவிடும்.

வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறிப் பாருங்கள். அது காட்டும் அளவு இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. காற்று 38 டிகிரி, ஈரப்பதம் 30 விழுக்காடு என்றால் ஈரக்குமிழ் ஏறத்தாழ 24 டிகிரி காட்டும். காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு என்றாலோ 27 டிகிரிக்கு மேல் போய்விடும். ஈரத்துணி இருக்கும் இடத்தில் அத்தையின் வியர்த்த தோலை வைத்துப் பாருங்கள். 38 டிகிரியில் தாங்கியவர் 32 டிகிரியில் ஏன் சரிந்தார் என்பது புரியும்.

அதனால்தான் 2023 ஜூலையில் இங்கு வெப்ப அழுத்த ஆலோசனை முறை தொடங்கியபோது, வெறும் வெப்பநிலையை அளவுகோலாகக் கொள்ளவில்லை. ஈரப்பதம், காற்று, வெயில் எல்லாம் சேர்ந்த ஓர் அளவு அது. 31க்குக் கீழ் குறைவு, 33ஐத் தொட்டால் அதிகம். ‘மைஇஎன்வி’ செயலியில் பார்க்கலாம். கல்யாண நாளன்று அந்தப் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். மதுரையில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 12.15 மணிக்கு. சிங்கப்பூரில் ஏறக்குறைய 1 மணிக்கு! நம் கடிகாரம் 120 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. நாம் இருப்பதோ 104 டிகிரிக்கு அருகில். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். முகூர்த்தம், சாப்பாடு எல்லாம் முடிந்து 1 மணிக்கு “வெளிச்சம் நல்லா இருக்கு, வெளியே வாங்க” என்று படம் எடுப்பவர் அழைத்தால், அதுதான் உச்சிவெயில். மாலை 5 மணிக்குமேல் எடுக்கச் சொல்லுங்கள்.

பட்டின்மேல் மட்டும் பழி போட வேண்டாம். பட்டு இழை தன் எடையில் சுமார் 11 விழுக்காடு ஈரத்தை வாங்கிக்கொள்ளும். பாலியெஸ்டரால் அரை விழுக்காடுகூட முடியாது. சிக்கல் ஜரிகை, அடுக்கடுக்கான மடிப்பு, உள்ளே கட்டும் பாலியெஸ்டர் பாவாடை ஆகியவற்றில்தான். காற்று நுழைய வழியில்லை. பாவாடையாவது பருத்தியில் இருக்கட்டும். கையில் ஒரு விசிறியும் கொடுங்கள். தோலை ஒட்டிய ஈரக்காற்றை விலக்கும் கருவி அது.

உடல் புதிய வெக்கைக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அவ்வளவு விடுப்பு யாருக்குக் கிடைக்கும்? முடிந்தவரை முன்னதாக வரச் சொல்லுங்கள். வந்தவரை நாள் முழுக்கக் குளிரூட்டிய அறையிலேயே உட்கார வைக்காமல், காலையிலும் மாலையிலும் சிறிது நடக்க வையுங்கள். உப்புப் போட்ட மோர் நல்லது. சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. (இதைப் பெரியவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்!)

படம் எடுக்கும் மாமாவுக்கும் ஒரு செய்தி. குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுவந்ததும் வில்லை மங்கிவிடும். கண்ணாடி குளிர்ந்திருப்பதால் காற்றிலுள்ள நீராவி அதன்மேல் பனியாகப் படிகிறது. பைக்குள் மூடியபடியே இருபது நிமிடம் வெளியே வைத்தால் போதும். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. மண்டபத்துக்குக் கிளம்பும்போதே கொசு விரட்டி பூசுங்கள். வெயில் களிம்பு முதலில், அதன்மேல் கொசு விரட்டி.

யாருக்காவது தலை சுற்றினால் நிழலில் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். ஆடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். தெளிவாகப் பேசினால் சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுக்கலாம். பேச்சு குழறினாலோ, கூப்பிட்டும் பதில் இல்லாவிட்டாலோ, எதுவும் குடிக்கக் கொடுக்காமல் உடனே 995ஐ அழையுங்கள்.

அன்று என் அத்தை கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கேட்ட முதல் கேள்வி: “படத்துல நான் இருக்கேனா?”