வீட்ல பாக்டீரியா வளர்க்கலாமா? தட்டு வேண்டாம், டம்ளர் போதும்

"ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு பாக்டீரியா வளர்க்கணும், வீட்லயே பண்ணலாமா?" இன்னைக்கு எபிசோட் இந்தக் கேள்வியைப் பத்தித்தான். என் பதில்: பண்ணலாம். ஆனா தட்டில் வேண்டாம், டம்ளரில் பண்ணுங்க. ஏன்னு சொல்றேன்.

யூடியூபில் இந்த முறையைப் பார்த்திருப்பீங்க. சைனா கிராஸைக் காய்ச்சி மூடி போட்ட தட்டில் ஊற்றுவாங்க. கதவுக் கைப்பிடியைப் பஞ்சால் துடைத்து அதில் தடவுவாங்க. ரெண்டு மூணு நாளில் புள்ளி புள்ளியாக ஏதோ வளரும்.

சைனா கிராஸ்னா அகார்தான். அதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனது ஒரு வீட்டுச் சமையலறை. ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேவுக்கு ஒரு தலைவலி: பாக்டீரியா வளர்க்கிற ஜெலட்டின் வெயிலில் உருகிடும். அவருடைய மனைவி ஃபானி ஹெஸ்ஸே, ஜெல்லி செய்ய தான் பயன்படுத்திய அகாரைப் போட்டுப் பாருங்கன்னு 1881-ல் சொன்னார். இன்றைக்கும் ஆய்வகங்களில் அகார்தான்.

சரி, பொருள் நம்ம கிச்சனில் கிடைக்குதே, அப்புறம் என்ன பிரச்சினை?

கைப்பிடியில் எந்த பாக்டீரியா இருக்குன்னு நமக்குத் தெரியாது. அங்கே கொஞ்சமாக இருக்கும்போது உடம்பு பெரும்பாலும் சமாளிச்சிடும். தட்டில் நாம அதுக்குச் சாப்பாடு போட்டுப் பெருக்குறோம். ஈ.கோலை மாதிரி ஒரு பாக்டீரியா, சூழல் சரியாக இருந்தால் சுமார் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகும். கணக்குப் போடுங்க: ஒன்று, 6 மணி 40 நிமிஷத்தில் 10 லட்சத்தைத் தாண்டும். அந்தத் தட்டு கீழே விழுந்து திறந்தால்? வீட்டில் கைக்குழந்தையோ, கீமோ எடுத்துக்கிறவங்களோ இருந்தால்?

அதனால்தான் ஐசெஃப் என்ற சர்வதேச மாணவர் அறிவியல் போட்டி, இப்படி வீட்டில் வளர்ப்பதற்கே தடை போட்டிருக்கு. தட்டு கட்டாயம்னா ஸ்கூல் லேபில், டீச்சர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்க. டேப் ஒட்டி மூடின தட்டை மறுபடி திறக்கக் கூடாது. முடிந்ததும் ஆட்டோகிளேவில் அழிக்கணும். 121 டிகிரி, குறைந்தது 15 நிமிஷம்.

இப்போ டம்ளருக்கு வருவோம். தயிரும் பாக்டீரியா வளர்ப்புதான். உறை தயிரில் இருக்கிற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பாலில் உள்ள லாக்டோஸை லாக்டிக் அமிலமாக்கும். புளிப்பு கூடக் கூட மற்ற பல கிருமிகளால் அங்கே வளர முடியாது. எதை வளர்க்கிறோம்னு நமக்குத் தெரியும். அதுதான் பாதுகாப்பு.

பாலைக் கொதிக்க வைங்க. சுத்தமான ஐந்து டம்ளரில் தலா 100 மில்லி ஊற்றி, மேலே எண் எழுதுங்க. முதல் டம்ளரில் மட்டும் கொதிக்கிற பாலிலேயே ஒரு டீஸ்பூன் உறை தயிர் போடுங்க. மற்றவை 40 டிகிரி அளவுக்கு ஆறட்டும். பிறகு இரண்டாவது, மூன்றாவது, நான்காவதில் அதே ஒரு டீஸ்பூன். ஐந்தாவதில் எதுவும் போடாதீங்க, அது ஒப்பிட்டுப் பார்க்க. எல்லாத்தையும் மூடி வைங்க.

இரண்டாவது ஃப்ரிட்ஜுக்கு, மூன்றாவது ஹாட்பாக்ஸுக்கு. மற்ற மூன்றும் மேஜை மேல். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, சுத்தமான ஸ்பூனால் ஒரு துளி எடுத்து பிஎச் தாளில் வைத்து, வர்ற எண்ணை எழுதுங்க. பாலின் பிஎச் சுமார் 6.7. அது 4.6 பக்கம் இறங்கும்போது கேசீன் என்ற பால் புரதம் ஒன்றோடொன்று சேர்ந்து கெட்டியாகும். நாம "உறைஞ்சிடுச்சு"ன்னு சொல்றது இதைத்தான்.

ஹாட்பாக்ஸ் டம்ளர் முந்தும், ஃப்ரிட்ஜில் இருப்பது பாலாகவே இருக்கும்னு எதிர்பார்க்கலாம். முதல் டம்ளரில் கொதி சூட்டில் பாக்டீரியா செத்திருக்கும். உங்க வீட்டில் வேற மாதிரி வந்தால் அப்படியே எழுதுங்க. ஏன்னு தேடுறதுதான் ப்ராஜெக்ட். மூன்று தடவை செஞ்சு சராசரி எடுங்க. சோதனை டம்ளர்களை யாரும் சாப்பிட வேண்டாம், முடிஞ்சதும் கொட்டிடுங்க.

"இது எந்த பாக்டீரியா, ஏன் இங்கே வேகமா வளர்ந்தது?"ன்னு நடுவர் கேட்டால், கைப்பிடித் தட்டு வெச்சிருக்கிறவருக்குப் பதில் சொல்றது கஷ்டம். உங்க கையில் மூன்று நாள் அட்டவணை இருக்கும்.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.