‘முடிஞ்சுபோச்சு’ன்னு சொன்னா நம்பாதீங்க!

1990. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஆரிஜின் சிஸ்டம்ஸ் நிறுவனம் ‘விங் கமாண்டர்’ என்ற விண்வெளிப் போர் கேமை வெளியிடத் துடித்துக்கொண்டிருக்கிறது. எல்லாம் தயார். ஒரே ஒரு தொல்லை. ஆடி முடித்து வெளியேறும்போது மெமரியை மேய்க்கிற மென்பொருள் அலறும். திரையில் ஒரு பிழைச் செய்தி வந்து விழும். காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க நேரமில்லை. புரோகிராமர் கென் டெமரெஸ்ட் என்ன செய்தார் தெரியுமா? பிழையைத் தொடவே இல்லை. பிழைச் செய்தியின் எழுத்துகளை மட்டும் மாற்றினார். அதற்கப்புறம் அந்த கேம் கவிழும்போதெல்லாம், ‘விங் கமாண்டர் ஆடியதற்கு நன்றி!’ என்று கும்பிடு போட்டுவிட்டுக் கவிழ்ந்தது. கேமை வாங்கியவர்களுக்கு அது மரியாதையாகத்தான் தெரிந்தது!

வீடியோ கேம் ஸ்டூடியோக்களின் பின்வாசல் முழுக்க இப்படிப்பட்ட கூத்துதான். 1996-ல் வந்த ‘சோனிக் 3டி பிளாஸ்ட்’ இன்னும் பலே. அந்தக் காலத்தில் சேகா கன்சோலுக்கு ஒரு கேம் வரவேண்டும் என்றால் சேகாவின் பரிசோதனையில் தேறியாக வேண்டும். எங்காவது ஒரு இடத்தில் கேம் உறைந்து நின்றால் போச்சு, திருப்பி அனுப்பிவிடுவார்கள். கேமின் புரோகிராமர் ஜான் பர்ட்டன் ஒரு வழி கண்டுபிடித்தார். கேம் எங்கே தடுக்கி விழுந்தாலும் நேராக ஒரு ‘ரகசிய’ லெவல் தேர்வுத் திரையில் போய் விழட்டும்! விழுந்தவருக்குப் புதையல் கிடைத்த மாதிரி. ஓடிக்கொண்டிருக்கும் கேம் கார்ட்ரிட்ஜைக் கையால் தட்டினால் அந்தத் திரை வரும் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். அது ரகசியமே இல்லை, கேம் செத்துப் பிழைத்த இடம் என்று பல வருடம் கழித்து யூடியூபில் பர்ட்டனே போட்டு உடைத்தார்.

‘ஃபால்அவுட் 3’ கேமுக்கு 2009-ல் வந்த ‘ப்ரோக்கன் ஸ்டீல்’ இணைப்பில் சுரங்க ரயில் பயணம் ஒன்று உண்டு. அந்த கேமின் எஞ்சினுக்கோ வண்டி ஓட்டவே தெரியாது. ஆகவே ரயில் பெட்டியை அணிகலன் மாதிரி நீங்கள் ஆடும் பாத்திரத்தின் உடம்பில் மாட்டிவிட்டார்கள். நீங்கள் ஜம்மென்று ரயிலில் போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, உண்மையில் நீங்களே ரயிலை மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

எதற்கு இத்தனை ஒட்டு வேலை? காரணம் சாதாரணம்தான். எந்த கேமும் முழுசாக முடிவதே இல்லை. ரிலீஸ் நெருங்கும்போது பக் பட்டியல் ஆயிரக்கணக்கில் நிற்கும். தினமும் உட்கார்ந்து பிரிப்பார்கள். இது ஆட்டத்தையே நிறுத்தும், உடனே சரிசெய். இது கண்ணை உறுத்தும், நேரமிருந்தால் பார். இது யாருக்கும் தெரியாது, அப்படியே போகட்டும். மூன்றாவது வகைக்கு ஆங்கில ஸ்டூடியோக்களில் ஒரு முத்திரையே இருக்கிறது. ‘தெரிந்தே அனுப்புகிறோம்’ என்று அர்த்தம். பிறகு ஒருநாள், ‘கேம் கோல்டு ஆயிடுச்சு!’ என்று அறிவித்து ஆளுக்கொரு புன்னகையுடன் போட்டோ. கடைசிப் பிரதியைத் தங்க நிற சிடியில் எழுதித் தொழிற்சாலைக்கு அனுப்பிய காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கும் பேச்சு அது. அன்றைக்குக் கோல்டு என்றால் கதை முடிந்தது. கன்சோல்களுக்கு இணையம் வந்தபின், கோல்டு ஆன மறுநாள் காலையிலேயே வேலை மறுபடி ஆரம்பிக்கிறது. வட்டு அச்சாகிக் கடைக்குப் போகிற அந்தச் சில வாரங்களில் திருத்திய எல்லாவற்றையும் சேர்த்து, முதல் நாளே ஒரு பேட்ச்! நீங்கள் ஆசையாக வாங்கிவந்த வட்டில் இருப்பது ஏற்கெனவே பழசு.

இதில் டெமோ என்றொரு தனி மாயம் இருக்கிறது. கண்காட்சிக்காக ஒரே ஒரு துண்டை மட்டும் தேய்த்துத் தேய்த்து மினுக்குவார்கள். பெண் பார்க்க வருகிற அன்று முன்னறையை மட்டும் ஜோடித்துவிட்டு, மற்ற அறைகளின் கதவைச் சாத்திவைப்பது மாதிரிதான். ‘ஆந்தம்’ விஷயத்தில் வீடே கட்டவில்லை! பத்திரிகையாளர் ஜேசன் ஷ்ரையர் 2019-ல் எழுதிய விசாரணைக் கட்டுரையில் வெளிவந்த கதை இது. பயோவேர் ஸ்டூடியோவில் பறக்கலாமா வேண்டாமா என்று வருடக்கணக்கில் இழுபறி. பறப்பதைச் சேர்ப்பார்கள், தூக்குவார்கள், மறுபடி சேர்ப்பார்கள். தாய்க் கம்பெனியான இஏவின் மேலதிகாரி பாட்ரிக் சோடர்லண்டுக்கு ஒரு டெமோ போகிறது, அவருக்குப் பிடிக்கவில்லை. அடித்துப்பிடித்துப் பறப்பதைத் திரும்பக் கொண்டுவந்து காட்டுகிறார்கள், அவர் அசந்துபோகிறார். அதுவே 2017 ஜூனில் இ3 கண்காட்சி மேடைக்கும் ஏறுகிறது. உச்சம் என்ன தெரியுமா? தாங்கள் உருவாக்கிக்கொண்டிருப்பது எந்த மாதிரி கேம் என்று அதை உருவாக்கியவர்களில் பலருக்கே அந்த மேடையைப் பார்த்துத்தான் புரிந்ததாம். ‘ஆந்தம்’ என்ற பெயர்கூட கண்காட்சிக்குச் சில நாள் முன்னால் வைத்ததுதான். அதுவரை வேறு பெயர்.

2019 பிப்ரவரியில் கேம் வந்தது, அடி வாங்கியது. ஏப்ரலில் ஷ்ரையரின் கட்டுரை வந்தது. வந்த கால் மணி நேரத்துக்குள் பயோவேரின் பதிலும் வந்துவிட்டது! அவ்வளவு நீளக் கட்டுரையை அதற்குள் யாரும் படித்திருக்கவே முடியாது. படிக்காமலே வருத்தப்படுவது ஒரு தனித்திறமை. கேமைத் திருத்தி எழுதும் திட்டம் 2021-ல் கைவிடப்பட்டது. 2026 ஜனவரியில் சர்வர்களும் அணைந்தன.

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் இன்னும் பெரிய படம். ‘சைபர்பங்க் 2077’-க்கு 2013-ல் முதல் டிரெய்லர் விட்டபோது, ‘தயாரானதும் வரும்’ என்று கெத்தாகச் சொன்னார்கள். பிறகு 2020 ஏப்ரல் என்றார்கள். செப்டம்பர் என்றார்கள். நவம்பர் என்றார்கள். ஒவ்வொரு தள்ளிவைப்புக்கும் மஞ்சள் பின்னணியில் ஓர் அறிவிப்பு. அந்த மஞ்சளே மீம் ஆகிப்போனது. அக்டோபர் தொடக்கத்தில் ‘கோல்டு ஆயிடுச்சு’ என்று கூவினார்கள். அதே மாதக் கடைசியில் இன்னும் 21 நாள் வேண்டும் என்று மறுபடி மஞ்சள்! வாரம் ஆறு நாள் வேலை என்ற உத்தரவு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 10 அன்று கேம் வந்தேவிட்டது. முன்பதிவு மட்டும் 80 லட்சம். விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்தது கம்ப்யூட்டர் பிரதி மட்டும். பழைய கன்சோல் பிரதியைக் கண்ணில் காட்டவே இல்லை. காட்டாததன் காரணம் முதல் நாள் மாலையே தெரிந்தது. சாலையில் ஆட்கள் கைகளை விரித்தபடி சிலுவை மாதிரி நிற்கிறார்கள். நாயகன் மோட்டார் சைக்கிளில் பேன்ட் இல்லாமல் போகிறான். போலீஸ்காரர்கள் முதுகுக்குப் பின்னால் காற்றிலிருந்து முளைக்கிறார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, காசு கொடுத்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு. ஒரே வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்து கேமைத் தூக்கிவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. ஆறு மாதம் கழித்துத்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

அந்த டிசம்பரில் கம்பெனிக்குள் ஒரு கூட்டம் நடந்ததாக ப்ளூம்பெர்க்கில் எழுதினார் ஷ்ரையர். பெருநிறுவனங்கள் ஊழியர்களைப் பிழிவதைப் பற்றி கேம் எடுத்துக்கொண்டே நம்மை ஓவர்டைம் பார்க்கச் சொல்வது முரண் இல்லையா என்று ஓர் ஊழியர் நிர்வாகத்தைக் கேட்டாராம். ஆகா! மழுப்பலான பதில்தான் கிடைத்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமா. 2021 ஜனவரியில் இணை நிறுவனர் மார்சின் இவின்ஸ்கி கேமரா முன் நின்று மன்னிப்புக் கேட்டார். பழைய கன்சோல்களுக்குள் இந்த நகரத்தைத் திணிக்கும் வேலையைக் குறைத்து எடைபோட்டுவிட்டோம், பரிசோதனையில் இந்தப் பிரச்சினைகளில் பெரும்பகுதி தென்படவே இல்லை என்றார். கடைசியாகச் சொன்னதை நம்புவது எனக்குக் கொஞ்சம் கஷ்டம். நாயகன் பேன்ட் இல்லாமல் போவது பரிசோதகர் கண்ணில் படவில்லையா?

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இத்தனை ரகளையிலும் அந்த டிசம்பருக்குள் 1.37 கோடி பிரதிகள் விற்றுத் தீர்ந்திருந்தன. 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட்டும் ‘ஃபேண்டம் லிபர்ட்டி’ இணைப்பும் வந்து பேர் மீண்டது நிஜம்தான். ஆனால் மூன்று வருடம் திருத்திக்கொண்டிருக்கச் சம்பளம் கொடுத்தது அந்த முதல் மாதக் கூட்டம். அதைப் பாவமன்னிப்புக் கதையாக மட்டும் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

சரி, இங்கிலாந்துக்குப் போவோம். லண்டனுக்குத் தென்மேற்கே கில்ட்ஃபோர்டு என்ற ஊர். ஹெலோ கேம்ஸ் என்ற குட்டி ஸ்டூடியோ. அதற்குள் பூட்டிய ஓர் அறையில் நாலே பேர். உள்ளே என்ன நடக்கிறது என்று அதே ஸ்டூடியோவின் மற்றவர்களுக்கே தெரியாது. 2013 டிசம்பர் 7 அன்று விருது மேடை ஒன்றில் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ டிரெய்லர் ஓடியது. உலகம் வாயைப் பிளந்தது. இரண்டு வாரம் கழித்து, கிறிஸ்துமஸ் முந்தின நாள், ஆற்று வெள்ளம் ஸ்டூடியோவுக்குள் புகுந்து கம்ப்யூட்டர்களை முழுக்காட்டிவிட்டது! ஆரம்பமே அமர்க்களம்.

கேமில் மொத்தம் 18,446,744,073,709,551,616 கிரகங்கள். நம் கணக்கில் ஒரு லட்சத்து 84 ஆயிரம் கோடி கோடிக்கும் மேல். யாரும் உட்கார்ந்து வரையவில்லை, எங்கும் சேமித்தும் வைக்கவில்லை. ஒரு எண்ணைக் கொடுத்தால் சூத்திரங்கள் மலையும் மரமும் மிருகமும் பெற்றுப்போடும். நீங்கள் கிட்டே போனால் கிரகம் பிறக்கும், விலகினால் மறையும். இதை எப்படிச் சரிபார்ப்பது? ஸ்டூடியோவில் இருந்த பதினைந்து சொச்சம் பேர் எத்தனை கிரகத்துக்குத்தான் போவார்கள்? தானாகவே கிரகம் கிரகமாகச் சுற்றிப் படம் பிடித்துவர ஆளில்லாத வேவுக்காரர்களை கேமுக்குள்ளேயே அனுப்பினார்கள்.

சிக்கல் கிரகங்களில் இல்லை, ஷான் மர்ரியின் வாயில் இருந்தது. ஸ்டூடியோவின் தலைவர், கூச்ச சுபாவி, ஆனால் உற்சாகம் பொங்கிவிட்டால் எதைக் கேட்டாலும் ‘ஆமாம்’. கேமுக்குள் இன்னொரு மனிதரைச் சந்திக்க முடியுமா? முடியும், ஆனால் வாய்ப்பு அரிது. 2016 மே மாதம் ரிலீஸை ஆகஸ்டுக்குத் தள்ளியதற்கே கொலை மிரட்டல்கள் குவிந்தன. தள்ளிப்போகிறது என்று செய்தி எழுதிய ஷ்ரையருக்கும் சேர்த்து. எங்கள் அலுவலகம் இப்போது ‘ஹோம் அலோன்’ படத்து வீடு மாதிரி ஆகிவிட்டது என்று மர்ரி ட்விட்டரில் ஜோக் அடித்தார். ஜோக்குக்குப் பின்னால் போலீஸுடன் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது.

ஆகஸ்ட் 9. கேம் வந்த அன்றே இரண்டு பேர் ஒரே கிரகத்தின் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்! நேரலையில் ஊரே பார்க்கிறது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் திரையில் மற்றவர் இல்லை. அத்தனை கோடி கோடி கிரகங்களில் முதல் நாளே இரண்டு பேர் சந்தித்தது பிரமிப்பாக இருக்கிறது என்று மர்ரி எழுதினார். பிரமிப்பது இருக்கட்டும், ஆள் எங்கே ஐயா?

அப்புறம் அவர் வாயை மூடிக்கொண்டார். முழுசாக. வாங்கியவர்கள் கத்தினார்கள், ரீஃபண்ட் கேட்டார்கள், பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்புக்குப் புகார் போனது. விளம்பரத்தில் விதிமீறல் இல்லை என்று அது பிற்பாடு தீர்ப்புச் சொன்னது. அக்டோபர் கடைசியில் ஸ்டூடியோவின் ட்விட்டர் கணக்கிலிருந்தே ‘நோ மேன்ஸ் ஸ்கை ஒரு தவறு’ என்று ஒரு பதிவு வந்து, கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்று விளக்கம் வந்து, ஒரே குழப்படி. அதைத் தவிரச் சத்தமே இல்லை.

நவம்பரில் திடுதிப்பென்று ஓர் அப்டேட், இலவசமாக. வீடு கட்டிக்கொள்ளலாம். 2017-ல் இன்னும் இரண்டு. அந்த வருடம் ரசிகர்களுக்குத் தபாலில் மர்ம கேசட்டுகள் வந்தன. புதிர் அவிழ்க்கும் திருவிழாவாகிவிட்டது. 2018 ஜூலையில் வந்த ‘நெக்ஸ்ட்’ அப்டேட்டில் ஒருவழியாக ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரிந்தார்கள்! மர்ரியின் பேச்சு இப்போது ஒற்றை எமோஜியாகச் சுருங்கிவிட்டது. அவர் ஓர் எமோஜி போட்டால் அப்டேட் வருகிறது என்று அர்த்தம்; என்ன அப்டேட் என்று ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். 2019-ல் அவர்களே பணம் போட்டு, ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் நன்றி சொல்லி விளம்பரப் பலகை வைத்தார்கள். ஸ்டீம் தளத்தில் அதலபாதாளத்தில் கிடந்த மதிப்பீடு 2024-ல் ‘மிகவும் நன்று’ வரை ஏறியது.

கோபமாக இருக்கிறவர்களிடம் பேசிப் பயனில்லை, செய்துதான் காட்டவேண்டும் என்பது மர்ரியின் கட்சி. பாதிக்குத்தான் நான் ஒத்துக்கொள்வேன். பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டூடியோவைப் பாருங்கள். 2020 அக்டோபரில் ‘பால்டர்ஸ் கேட் 3’-இன் முதல் பாகத்தை மட்டும், இது முடியாத கேம் என்று வாசலிலேயே எழுதிப்போட்டு விற்றார்கள். ஆடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கணக்கெடுத்து, அவர்களையே வம்புக்கு இழுத்தார்கள்: கொம்பு கொடுத்தோம், வால் கொடுத்தோம், பேய்க் கண் கொடுத்தோம், நீங்கள் எல்லாரும் சேர்ந்து சாதாரண மனுஷ மூஞ்சியைத்தானே படைத்திருக்கிறீர்கள்! கிட்டத்தட்ட மூன்று வருடம் வாயாடிக்கொண்டே திருத்தி, 2023 ஆகஸ்டில் முழு கேமை இறக்கினார்கள். பேசலாம்; ரிலீஸுக்கு முன்னால் உண்மையைப் பேசியிருந்தால், அப்புறமும் பேசலாம்.

மர்ரி 2023 டிசம்பரில் மறுபடி ஒரு விருது மேடையில் ஏறினார். ‘லைட் நோ ஃபயர்’ என்று புதிய கேம். இந்த முறை கோடி கோடி இல்லை, ஒரே ஒரு கிரகம். ஆனால் பூமி சைஸ்! டிரெய்லர் ஓடியது, கைதட்டினார்கள், தேதி சொல்லாமல் இறங்கிவிட்டார். 2024 ஜூலையில் ‘நோ மேன்ஸ் ஸ்கை’க்கு வந்த அப்டேட்டில் கடலும் மேகமும் திடீரென்று அபாரமாகியிருந்தன. எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், ‘லைட் நோ ஃபயர்’ கேமுக்காகச் செய்துகொண்டிருக்கும் சரக்கு. இன்னும் முடியாத கேமின் துண்டுகளை, முடிந்ததாகச் சொல்லி 2016-ல் விற்ற கேமுக்குள் ஒட்டி வெள்ளோட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் இலவசமாக.