கழுத்துத் தமனி அடைப்பு: அவசரநிலையில் அறுவையும் ஸ்டென்ட்டும்

மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் கழுத்துத் தமனியில் கொழுப்புப் படிவம் சேர்ந்து சுருங்குவது பக்கவாதத்தின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. படிவத்திலிருந்து சிறு துணுக்கு பிரிந்து மேலே செல்லும்போது கை மரத்தல், வாய் கோணல், ஒரு கண் இருளுதல் ஆகியவை தோன்றிச் சில நிமிடங்களில் மறைந்துவிடுவதும் உண்டு. ஆனைமலைத் தென்னந்தோப்பில் வேலை செய்பவர் கை சரியானதும் மறுநாள் வேலைக்குத் திரும்பிவிடலாம். பெருந்தாக்குதலுக்கான வாய்ப்போ அடுத்த சில நாள்களிலேயே மிகுதி.

சிகிச்சை இருவகைப்படும். அறுவையில் கழுத்தைத் திறந்து, தமனியைத் தற்காலிகமாக இறுக்கி, படிவத்தை உரித்தெடுத்துத் தைப்பர். ஸ்டென்ட் முறையில் தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, சுருங்கிய இடத்தில் வலைக்குழலை விரிப்பர். கழுத்தில் தழும்பில்லை, மயக்க மருந்தும் பெரும்பாலும் தேவைப்படாது. இக்காரணங்களால் நோயாளிகள் ஸ்டென்ட்டை விரும்புவது இயல்பே.

எனினும் 2010இல் வெளியான கிரெஸ்ட் ஆய்வில், சிகிச்சையை ஒட்டிய காலத்தில் பக்கவாதம் ஸ்டென்ட் பெற்றோரிடம் 4.1 விழுக்காடு, அறுவை பெற்றோரிடம் 2.3 விழுக்காடு, மாரடைப்போ முறையே 1.1, 2.3 விழுக்காடு. ஏறத்தாழ 70 வயதைக் கடந்தோர்க்கு அறுவையே சாதகமாக அமைந்தது. அவசரநிலையில் இவ்வேறுபாடு பெருகுகிறது. நான்கு பெரும் ஆய்வுகளின் தரவுகளை இணைத்து நோக்கியபோது, அறிகுறி தோன்றிய ஏழு நாள்களுக்குள் சிகிச்சை பெற்றோரிடையே பக்கவாதமோ இறப்போ ஸ்டென்ட்டில் 8.3 விழுக்காடு, அறுவையில் 1.3 விழுக்காடு எனத் தெரியவந்தது. புதிதாக உடைந்த படிவம் மென்மையானது. கம்பியும் பலூனும் அதனைக் கடக்கையில் துணுக்குகள் மேலேறக்கூடும் என்பதே இதற்கு ஏற்கத்தக்க விளக்கம். அறுவையில் படிவத்தைத் தொடும்முன் தமனி இறுக்கப்படுகிறது.

இதனால் ஸ்டென்ட்டை ஒதுக்கிவிட இயலாது. கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர், முன்பே அங்கு அறுவை கண்டவர், கடும் இதயநோயாளி ஆகியோர்க்கு அதுவே பொருத்தமாகலாம்.

ஆயினும் முறைத் தேர்வைவிடக் காலமே முந்துகிறது. கடுஞ்சுருக்கத்திற்கு இரண்டு வாரங்களுக்குள் செய்யப்படும் அறுவையே மிகுந்த பயன் தரும்; நாள் கடக்கக் கடக்க அப்பயன் விரைவாகத் தேய்கிறது. ஆனைமலையிலிருந்து 50 கி.மீ.க்கு மேல் தொலைவிலுள்ள கோவைக்குச் சில மணிநேரத்தில் சென்றுவிடலாம். நாள்கள் வீணாவது பயணத்திற்கு முன்னர்தான். தற்காலிகத் தாக்குதலில் தலை சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அதனை நம்பி வீடு திரும்பும் நோயாளிக்கு அன்றே கழுத்து டாப்ளர் ஸ்கேனும் எடுக்கப்பட்டால்தான் அறுவையா ஸ்டென்ட்டா என்ற வினாவே உரிய காலத்தில் எழும்.