சும்மா சளிதானே என்று விட்டுவிடாதீர்கள்... டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு விழுங்குவதிலேயே சிக்கல் இருக்கலாம்!

அம்மா பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீஸுக்கோ கிளம்பிவிட்டால், சிவகாசிப் பக்கம் பல வீடுகளில் குழந்தைக்கு ஊட்டுவது பாட்டிதான். மடியில் படுக்கவைத்துச் சங்கில் பால் புகட்டிப் பழகிய கை அது. ஆனால், டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு அதுவே ஆபத்தாகலாம்.

21-வது குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வருவது டவுன் சிண்ட்ரோம். இந்தக் குழந்தைகளுக்கு வாய், நாக்குத் தசைகள் தளர்ந்திருக்கும். அதனால் பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். சிலருக்கு அப்போது இருமல்கூட வராது. அடிக்கடி நெஞ்சுச்சளி, நிமோனியா, எடை ஏறாமை... இவைதான் அறிகுறிகள்.

கைக்குழந்தை என்றால் தலையை உயர்த்திப் பிடித்துப் பால் கொடுங்கள். வளர்ந்த குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய் ஊட்டுங்கள்.

பிறந்த குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தாலோ, ஒரு நாள் கடந்தும் மலம் கழிக்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். குடல் அடைப்பாக இருக்கலாம். அறுவை சிகிச்சை தேவைப்படும். தீராத மலச்சிக்கலுக்குத் தைராய்டு குறைபாடும் காரணமாகலாம்.

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரும். அவர்களிடம் காட்டினால், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். சிகிச்சை இலவசம்.

போகும்போது பாட்டியையும் கூட்டிப் போங்கள். ஊட்டப்போவது அவர்தானே!