தலையாட்டினால் போதுமா?

நர்ஸ் என்றதும் ஊசி போடுகிறவள், மாத்திரை கொடுக்கிறவள், ஜுரம் பார்க்கிறவள் என்றுதான் நம்மில் பலருக்கும் தோன்றும். பல வருடங்கள் தில்லி ஆஸ்பத்திரி வார்டுகளில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஊசி போடுவது சுலபம். அந்த ஊசியை வீட்டுக்குப் போய்த் தானே போட்டுக்கொள்ள ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் கஷ்டம்.

நம் நாட்டில் செவிலியர் பட்டப்படிப்பு 1946ஆம் ஆண்டு முதன்முதலாக இரண்டு ஊர்களில் தொடங்கியது. ஒன்று தில்லி, மற்றொன்று வேலூர். நோயாளிக்கு எடுத்துச் சொல்வதும் நர்ஸின் கடமை என்று நாங்கள் படித்துத்தான் தேர்வு எழுதினோம். ஆனால் யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நோயாளிகள்தாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக மதிப்பிட்டது. ஆகவே, நான் சொல்லப்போவது ஏதோ அடுத்த வீட்டுக் கதை அல்ல.

ஹரியானா கிராமம் ஒன்றிலிருந்து ஓர் இளம் மருமகள் வந்திருந்தாள். புதிதாக இன்சுலின் ஆரம்பித்திருந்தார்கள். மாமனார் பக்கத்தில் இருந்ததால் முகத்தை முக்காடு மறைத்திருந்தது. நான் ஏதாவது கேட்டால் கணவன் பதில் சொன்னான். படித்த பையன், நல்ல கேள்விகள் கேட்டான். எனக்கும் அவனிடம் பேசுவது சௌகரியமாக இருந்தது. எல்லாவற்றையும் அவனுக்கே விளக்கினேன். “புரிந்ததா?” என்று அவளைக் கேட்டேன். முக்காடு மேலும் கீழும் அசைந்தது. பதிவேட்டில் ‘நோயாளிக்கு விளக்கப்பட்டது’ என்று எழிதிக் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லவே இன்று கூச்சமாக இருக்கிறது.

அந்த அக்டோபரில் கர்வா சௌத் வந்தது. கணவனின் ஆயுளுக்காக வடநாட்டுப் பெண்கள் நிலவைப் பார்க்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் விரதம். விடியுமுன் மாமியார் கொடுக்கும் ‘சர்கி’யைச் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல் காலை ஊசியையும் போட்டுக்கொண்டிருக்கிறாள். மாலையில் வியர்த்தது, கை நடுங்கியது. விரதக் களைப்பு என்று நினைத்தார்கள். நிலவு வருமுன் நினைவிழந்து விழுந்தாள். எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தபோது இரத்தச் சர்க்கரை 40க்கும் கீழே. நரம்பில் குளுகோஸ் ஏற்றியபின் கண் திறந்தாள்.

மறுநாள் மெல்லிய குரலில் சொன்னாள்: “ஊசி போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று அவரிடம் சொன்னீர்களாம், தீதி. என்னிடம் யாரும் சொல்லவில்லை.”

அவள் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

இந்த முறை ஆண்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தேன். மாமியாரை மட்டும் உட்கார வைத்தேன். விரதமே கூடாது என்று நான் சொல்லியிருந்தால் அந்த அம்மாள் எழுந்து போயிருப்பார். “மாதாஜி, உங்கள் வீட்டில் கர்ப்பிணிகள் இந்த விரதத்தை எப்படி இருப்பார்கள்?” என்று கேட்டேன். “பாலும் பழமும் சாப்பிடலாம், தோஷமில்லை” என்றார். சற்று யோசித்துவிட்டு அவரே, “இவளும் அப்படியே இருக்கட்டும். டாக்டர் வேண்டாம் என்றால் இவளுக்காக நான் இருக்கிறேன்” என்றார். சம்பிரதாயத்துக்குள்ளேயே ஒரு வாசல் இருந்தது. தட்டத்தான் எனக்குத் தெரியவில்லை.

ஆண்கள் கதை வேறு மாதிரி. பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்குக் காலில் ஆறாத புண். சர்க்கரை வியாதியில் பாத நரம்புகள் மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது. தினமும் பாதத்தைப் பாருங்கள் என்று சொன்னால், ஒரு பெண்பிள்ளை நமக்குப் புத்தி சொல்வதா என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். விரலை எடுக்க வேண்டி வரும் என்று பயமுறுத்தியும் பலனில்லை. ஒருநாள், “சுபேதார் சாப், சிப்பாய்களின் பூட்ஸை எப்போது பார்ப்பீர்கள்?” என்று கேட்டேன். “தினமும் காலையில்!” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். “உங்கள் பாதத்துக்கும் அதே பரேட் வையுங்கள்” என்றேன். சிரித்துவிட்டார். மறுநாள் முதல் கண்ணாடியை வைத்துக்கொண்டு உள்ளங்காலைப் பார்க்க ஆரம்பித்தார். பயத்தால் வராத அக்கறை, அவருக்குப் பெருமையான ஒன்றைத் தொட்டதும் வந்தது.

நம்மவர்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கா என்ன? கும்பகோணம் பக்கத்திலிருந்து மகனோடு இருக்க வந்த ஓர் அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. டாக்டர் ஐந்து நிமிடம் பேசினார். மகன் மொழிபெயர்த்தது ஒரே வரி: “சாதத்தைக் குறைக்கணுமாம்மா.” நான் தமிழில், “என்னம்மா புரிஞ்சுது உங்களுக்கு?” என்று கேட்டேன். “சாதம்தானே? அதை விட்டே ஒரு மாசமாச்சு. மூணு வேளையும் இட்லிதான்!” என்றார் வெற்றிப் புன்னகையோடு. இட்லியும் அரிசிதான் என்று அவருக்கு யார் சொல்வது?

மகன் மருந்து வாங்கப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தரங்க இடத்தில் அரிப்பு, பல வாரங்களாகத் தூக்கமில்லை. சர்க்கரை அதிகமானால் பெண்களுக்கு இது சகஜம், மருந்தும் இருக்கிறது. ஆனால் மகனை நடுவில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் இதைச் சொல்வாள்?

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ‘புரிந்ததா?’ என்று யாரையும் கேட்பதில்லை. ‘வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள், எனக்குச் சொல்லுங்கள்’ என்றுதான் கேட்பேன். செய்தும் காட்டச் சொல்வேன். 40 யூனிட் இன்சுலின் புட்டிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் அளவே தப்பிவிடும். தலையாட்டலில் இந்தத் தப்பு வெளியே தெரியாது, செய்து காட்டும்போது தெரிந்துவிடும்.

ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து வைத்துக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். டாக்டர் சொல்வதைச் சுருக்காமல் முழுவதும் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். அம்மாவைக் கேட்ட கேள்விக்கு அம்மாவே பதில் சொல்லட்டும். மகளோ மருமகளோ உடன் போவது நல்லது. சில நிமிடம் அவரைத் தனியாகவும் பேச விடுங்கள். ஏகாதசி, கிருத்திகை, ரம்ஜான் நோன்பு எதுவானாலும் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை என்றால், சமைப்பவரும் கூடப் போய்க் கேட்கட்டும். அம்மாவுக்கு என்றால், எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் அவருடைய வழக்கத்தை முதலில் மாற்றுங்கள்.

இன்னும் ஒன்று. வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். முக்கியமாக, ஊசி போட்டுக்கொள்கிறவருக்கு.